சம்பந்தியின் குத்துவாளும் ஒரு உருண்டைப் புளியும்

பளபளப்பாக இருந்தால்தான் அது நல்ல சாமான் என்று ஐம்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கீறல், கறை, வளைவு என்று எது கண்ணில் பட்டாலும் அந்தச் சாமானை ஒதுக்கிவிடுவேன். இந்தப் புத்தியை வேலைத்தலத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் என் மகளின் கல்யாணம் ஒரு மாலை முழுவதும் அந்தரத்தில் தொங்கியிருக்காது.

மகள் துளசி விரும்பியது ஆடம் என்ற ஹங்கேரியப் பொடியனை. அவனுடைய தகப்பன் லாஸ்லோ ஓய்வுபெற்ற வாத்தியார், மனைவியை இழந்தவர், நகரத்தின் மறுகோடியில், எட்டோபிக்கோவில் தனியாக இருக்கிறார். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு வந்த சரஸ்வதி பூசைக்கு இருவரையும் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். அன்றைக்கு அவரவர் ஆயுதங்களைச் சாமிக்கு முன்னால் வைப்போம் என்று துளசி விளக்கியிருக்கிறாள். (நாங்கள் வைப்பது மடிக்கணினியும் கார்ச் சாவியும்தான்.) ஆயுதம் என்றதும் லாஸ்லோவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. பூசைக்கு முதல்நாளே தன் தாத்தாவின் குத்துவாளை வெல்வெட் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். தாத்தா ஹங்கேரி ராணுவத்தில் அதிகாரி. விழா நாட்களில் சீருடையோடு இடுப்பில் தொங்கவிட்ட குத்துவாளாம் அது.

சாப்பாட்டு மேசையில் அதை வைத்து நீண்ட நேரம் விளக்கம் தந்தார். இந்தக் குத்துவாள்களுக்குப் போலிகள் மலிந்துவிட்டனவாம். அசலில் கை படுகிற இடங்களில் மட்டும் பொன்முலாம் தேய்ந்திருக்கும், இடுக்குகளில் கருமை படிந்திருக்கும். போலியோ எல்லா இடமும் ஒரே மாதிரி மினுங்கும். தானே ஒருமுறை போலியை வாங்கி ஏமாந்ததாகச் சொன்னார். பிறகு கைப்பிடியில் இருந்த கிரீடத்தைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் கவனமெல்லாம் அடுப்படியில் இருந்தது. அங்கே மனைவி ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். லாஸ்லோவும் அந்த ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, குத்துவாளைப் பூசைக்காக எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

பூசைக்குக் குத்துவிளக்கு மினுக்குவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. பேஸ்மென்ற் தொட்டியில், பழப்புளியும் தேங்காய்த் தும்பும் வைத்து. (இந்த ஒரு வேலையில் மட்டும் மனைவி என்னைப் பாராட்டுவாள்.) அன்றிரவும் விளக்குகள் தங்கமாக ஜொலித்தன. பக்கத்தில், பூசைச் சாமான்களோடு வைத்திருந்த அந்தக் குத்துவாள் கறுத்துப்போய்க் கிடந்தது. பாவம், பெண் துணை இல்லாத மனிதர், மினுக்க நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். சரஸ்வதிக்கு முன்னால் சம்பந்தியின் மானம் போகக்கூடாதே. ஒரு உருண்டைப் புளியை எடுத்து இடுக்கு விடாமல் தேய்த்தேன்.

தேய்த்து முடித்துப் பார்த்தால், கிரீடத்தின் உச்சியில் அரிசிமணி அளவில் இருந்த சிலுவை சரிந்து நிற்கிறது. என் கைவேகத்தில்தான் வளைந்துவிட்டது என்று நினைத்தேன். சின்னக் குறடு ஒன்றை எடுத்து, மூச்சை அடக்கி, அதை நேராக நிமிர்த்தினேன். வேலைத்தலத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணியிருப்பேன்.

மறுநாள் மாலை பூசை தொடங்கும் நேரம். லாஸ்லோ படத்துக்கு முன்னால் குனிந்து குத்துவாளைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். அவர் பாராட்டப்போகிறார் என்று நான் சிரித்த முகத்தோடு நின்றேன்.

"இது நான் தந்தது இல்லை," என்றார். "இது போலி. என்னுடையது எங்கே?"

ஹங்கேரியின் அரச கிரீடத்தில் சிலுவை சரிந்துதான் இருக்குமாம். அவர்களுடைய அரச சின்னத்திலும் அப்படியேதான் போடுவார்களாம். அது தெரியாத போலிக்காரர்கள்தான் நேராக வைப்பார்களாம். ஆக, அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்த கள்ளனாக நான் சரஸ்வதிக்கு முன்னால் நின்றேன். ஆடம் நிலத்தைப் பார்த்தான். துளசியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா, ப்ளீஸ், நீங்க அதை ஒண்டும் செய்யேல்லத்தானே?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மனைவி தலையில் கை வைத்தாள். "உந்த வாளை உங்களை ஆர் மினுக்கச் சொன்னது?"

லாஸ்லோ நம்பவில்லை. சட்டைப்பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்து விளக்குப் பக்கம் போனார். கைப்பிடியின் இடுக்கில் ஒரு புளிநார் மாட்டியிருந்தது. அதை நகத்தால் இழுத்து மோந்து பார்த்தார். முதல்நாள் குடித்த ரசத்தின் வாசம் பிடிபட்டிருக்க வேண்டும், புருவம் உயர்ந்தது. பிறகு சிலுவையின் அடியில் குறடு கடித்த அடையாளத்தைக் கண்டார்.

"விற்பதற்காகப் போலி செய்கிறவன் எவனும் இவ்வளவு மோசமாக வேலை செய்யமாட்டான்," என்றார் மெதுவாக. "இது என்னுடையதுதான்."

கல்யாணம் பிழைத்தது. ஆனால் அவர் கைப்பிடியின் ஓரிடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். முலாம் தேய்ந்து கிடந்த இடமாம். அவருடைய தாத்தாவின் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. நான் அதையும் சுற்றியிருந்ததோடு சேர்த்து ஒரே நிறமாக்கிவிட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் என் தோளில் தட்டி, குத்துவாளில் சந்தனம் எங்கே வைப்பது என்று கேட்டார்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. லாஸ்லோ தன் சொந்தக்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்திய விதத்தில், நான் கை கொடுக்கப் போன இடமெல்லாம் கிழவிகள் மார்பில் குத்தியிருந்த பழைய புரோச்சு நகைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்கள். ஹங்கேரிய மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே வசனம். 'அப்படியே விடுங்கள், அழுக்காகவே இருக்கட்டும்' என்று பொருள். மருமகன் வீட்டில் நான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவ எழுந்தாலும் சின்னது பெரியது எல்லாம் ஒரே குரலில் அதைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் நான் குத்துவிளக்கை மினுக்க எடுத்தபோது என் மனைவியும் சொன்னாள், என்னைவிட நல்ல உச்சரிப்போடு.