யாரிடமும் இல்லாத நிறம்

"இந்தச் செகப்பும் கறுப்பும் வேணாம்மா. பார்த்தவுடனே ஒரு கட்சி ஞாபகம் வருது."

புவனேஸ்வரி மறுபடியும் கணினி முன் உட்கார்ந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பூ விவசாயிகள் சங்கத்தில் ரெண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. ஆண்டுக் கூட்டத்துக்கான விலை வரைபடங்கள் நாற்பதையும் புரோகிராம் எழுதி வரைந்திருந்தாள். நிறம், எழுத்து, கட்டம் எல்லாவற்றுக்கும் 'தீம்' என்று ஒரே இடம். அங்கே மாற்றினால் நாற்பதும் மாறிவிடும். இந்த வசதியைத் தலைவர் பெருமாள்சாமியிடம் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

"கலர் மட்டும் சரியா அமையட்டும்மா. உனக்கு நிரந்தரப் பதவி என் பொறுப்பு."

பச்சை போட்டாள்.

"இது எதிர்க்கட்சி."

நீலம்.

"அதையும் ஒருத்தன் வச்சிருக்கான்."

காவியை அவர் வாய் திறக்குமுன் அவளே அழித்தாள். வம்பே வேண்டாமென்று சாம்பல் நிறம்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கணக்கா இருக்கேம்மா. சங்கத்துல யாரு செத்தா?"

மல்லிகைக்கு மல்லிகை நிறமே இருக்கட்டும் என்று வெள்ளையைக் கொடுத்தாள். வெள்ளைத் தாளில் மல்லிகை விலையே காணாமல் போனது.

"வெளைச்சலே இல்லன்னு ஆக்கிட்டியே, ஆத்தா!"

கண் எரிந்தது. கடைசியாகக் கத்தரிப்பூ நிறம் போட்டு அச்செடுத்துக் கொடுத்தாள்.

பெருமாள்சாமி தாளை மின்விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அது படபடத்தது. மை காயட்டும் என்று பிடிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, வாசல் கேட் வரை போய் நின்று பார்த்தார்.

"தூரத்துலயும் நல்லாத் தெரியுது. இந்தக் கலர் எவன்கிட்டயும் இல்லையே?"

"இல்லைங்கய்யா."

"நடுவுல பெருசா ஒரு சம்பங்கிப் பூவை வை."

"விலைக் கோட்டை மறைச்சிருமேய்யா?"

"வெலை கெடக்குது. பூ தெரியணும்."

வைத்தாள். நாற்பதிலும் பூ பூத்தது, விலை மறைந்தது. தலைவர் முகம் மலர்ந்தது.

"வெள்ளிக்கிழமை உனக்கு ஆர்டர் வந்துரும்மா."

கணவனுக்குப் போன் செய்தாள். "ஏங்க, வேலை நிரந்தரமாயிருச்சுங்க. அத்தைகிட்டயும் சொல்லிருங்க."

பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்க்கடைத் தையல்காரர் இஷாக் பாய், தோளில் கத்தரிப்பூ நிறத் துணிக் கட்டோடு படியேறி வந்தார்.

"தங்கச்சி, கொடி ஐந்நூறு போதுமான்னு தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு, அவர் ஆரம்பிக்கிற புதுக் கட்சியில மகளிரணித் தலைவி நீதானாமே!"