குத்துவிளக்கு அண்ணன் பால் காய்ச்சிய கம்ப்யூட்டர்

பினாங்குத் தீவில் எங்கள் குத்துவிளக்கு அண்ணனை விடப் பிடிவாதக்காரர் யாரும் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும் அவரிடம் தோற்று, ஃபெரி பிடித்து அக்கரைக்கு ஓடியிருப்பார். பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு கல்யாணக் கார்டு அச்சகத்தில் அவர் தமிழ் டைப் அடிப்பவர்; நான் படம் வரைபவன். சாயங்காலம் கடை விளக்கை அணைப்பதற்குக்கூட அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கடைக் கம்ப்யூட்டர் பழைய லாரி போல உறுமத் தொடங்கியது. ஊர்க் கல்யாணமெல்லாம் அதற்குள்தான் இருந்தது. அண்ணன் மகளின் கார்டும் அதில்தான். மறுநாள் காலையில் அதன் முதல் கார்டைப் பிள்ளையார் கோயிலில் வைத்தாக வேண்டும். அக்கரையில் பிறை என்ற ஊரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ராஜி, லீவு நாளில் புது ஹார்டு டிஸ்க்கோடு வந்தாள்.

"ஆஃப் பண்ணுங்கண்ணே, கழட்டணும்."

"முடியாதும்மா. வீடு மாறுறப்ப, பழைய வீட்டு விளக்கை அணைச்சிட்டுத்தான் சாமானைத் தூக்குவாங்களா? எல்லாம் புது வீட்டுக்குப் போற வரைக்கும் இது எரியணும்."

"இது கம்ப்யூட்டர்லா, வீடு இல்ல!"

"உள்ள எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா?"

ராஜி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் அவள் புது டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே கேபிள் போட்டாள். கார்டுகள் ஒவ்வொன்றாக ஆமை வேகத்தில் குடிபெயர்ந்தன. மகள் கார்டை முதலில் அனுப்பச் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை.

"நம்ம வீட்டுக் கல்யாணத்துல நாம கடைசிப் பந்திதான் தம்பி."

அந்தக் கடைசிப் பந்தி வரும் நேரத்தில் அவருக்கு ஒரு ஞாபகம் வந்தது. புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டாமா? மின்சார அடுப்பைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் இருந்த அதே பிளக்கில் செருகினார். பால் பொங்கியது. 'டப்' என்று கடையே இருண்டது.

"அலாமாக்! ஐயோ அண்ணே!" என்றாள் ராஜி.

ஃபியூஸ் மாற்றினோம். பழைய கம்ப்யூட்டர் ஒரு முறை 'கிர்' என்றது, அதோடு சரி. பகலெல்லாம் யாரையும் தொடவிடாதவர் தானே அணைத்துவிட்டார். ஊரார் கல்யாணமெல்லாம் புது வீட்டில் பத்திரமாக இருந்தது. அவர் மகள் கல்யாணம் மட்டும் பழைய வீட்டோடு போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் ராஜியிடம் கேட்டார்: "பால் பொங்குச்சா?"

"மேசை முழுக்கப் பொங்குச்சுண்ணே."

"அப்ப சரி. தம்பி, உட்காரு. நான் சொல்றேன், நீ அடி."

பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். உறவினர் வரிசை வந்தது. பெரியப்பா, மாமா எல்லாம் முடிந்து, "சித்தப்பா" என்றவர் என் பெயரைச் சொன்னார்.

"அண்ணே, முன்னாடி கார்டுல இது இல்லையே?"

"அது பழைய வீடுலா. நீ அடி."

என் பெயரை அடிக்கத்தான் அன்று எனக்கு ரொம்ப நேரம் ஆனது.