பன்னிரண்டு கட்டுக் கொடியை எரிக்கச் சொல்லி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் தம்பி மனைவிக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் அனுப்பிய பன்னிரண்டு கட்டு சர்க்கரைவள்ளிக் கொடி உங்கள் கொட்டகையில் ஈரச் சாக்குக்கு அடியில் இருக்கிறதல்லவா? வெள்ளிக்கிழமை அத்தான் அதை நடுவதற்குள் நீ எடுத்து எரித்துவிட வேண்டும். அவருக்குத் தெரியக் கூடாது. கேட்டால் ஆடு தின்றுவிட்டது என்று சொல். உங்களிடம் ஆடு இல்லை என்று எனக்கும் தெரியும், பக்கத்து வீட்டு ஆடு என்று சொல். அவர்களிடம் நாய்தான் இருக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும், நீதான் எப்படியாவது சமாளிக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் போனை அத்தான்தான் எடுப்பார், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு "என்ன விஞ்ஞானி, சௌக்கியமா?" என்று வீடு முழுக்கக் கேட்க வைப்பார். அதனால்தான் உங்கள் ஊர்ப் பக்கம் வரும் எங்கள் ஆபீஸ் வண்டியில் இந்தக் கடிதம்.

காரணம் சொல்லாமல் நீ ஒரு இலையைக்கூட எரிக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் பொறுமையாகக் கேள். மனிதனுக்குள் எல்லாமே இரண்டு பிரதி, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சர்க்கரைவள்ளிக்கு ஆறு. நம் அப்பா வீட்டு அண்ணன் தம்பி ஆறு பேரையும் நினைத்துக்கொள், அதே மூக்கு, அதே வழுக்கை, அதே இருமல், வாசலில் நின்று "பெரியப்பா" என்றால் சித்தப்பாக்களும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தருக்கு மட்டும் காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது என்று வை. மூடிய அறைக்கு வெளியே நின்று, உள்ளே வரும் இருமலை மட்டும் கேட்டு, மச்சக்காரர் வந்திருக்கிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதுதான் அக்கா என் உத்தியோகம். கிழங்கு அழுகாமல் தாங்கும் குணம் அந்த மச்சக்காரரிடம்தான் இருக்கிறது, அவர் இருக்கிற செடிக்குப் பச்சை விளக்குக் காட்டுகிற சோதனைக்குத்தான் மார்க்கர் என்று பெயர். ஏழு வருஷம் ஆச்சு. முதல் இரண்டு வருஷம் எல்லாச் செடியும் பச்சை காட்டியது. மூன்றாவது வருஷம் ஒன்றுமே காட்டவில்லை. நாலாவது வருஷம் கோபத்தில் ஆபீஸ் வாசல் குரோட்டன்ஸ் இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன், அதுவும் தான்தான் மச்சக்காரர் என்றது. இயக்குநர் என்னை வராந்தாவில் பார்த்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். இந்த வருஷம்தான் ஒருவழியாகப் படிந்து வந்தது, தொண்ணூற்றுச் சொச்சம் செடியில் பன்னிரண்டு மட்டும் பளிச்சென்று பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள், எனக்குத் தலைகால் புரியவில்லை, அந்தப் பன்னிரண்டிலும் கொடி வெட்டி அன்றைக்கே உங்களுக்கு ஏற்றிவிட்டேன்.

இப்போது வருகிறது என் தலைவிதி. சோதனை செய்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி, குழிக்கு ஒரு செடியின் இலைச்சாறு. தட்டின் ஒரு மூலையை மட்டும் வெட்டியிருப்பார்கள், அந்த மூலை வலது கைப்பக்கம் மேலே வரும்படி மெஷினில் வைக்க வேண்டும். மாற்றி வைத்தாலும் சனியன் அழகாகப் பொருந்தும், மெஷினும் வாயைத் திறக்காது, முதல் குழியின் முடிவைக் கடைசிக் குழியின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அன்றைக்கு ஆண்டு மலருக்கு நான் தட்டு வைக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தார்கள். புது சட்டை, கொஞ்சம் சிரிப்பு, நன்றாகத்தான் விழுந்திருந்தது. உன் தம்பி மனைவி அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன், வெட்டுப்பட்ட மூலை இடது பக்கம், கீழே! அப்படியே பேஸ்டை முழுங்கிட்டேன் அக்கா. "ஏங்க, யாராவது செத்துட்டாங்களா?"ன்னு கேக்குறா. "இல்ல, கொடி நட்டா அத்தான் செத்துருவார்"னு சொன்னேன். அவளுக்கு ஒன்னும் புரியல, அழுதுட்டா.

விளையாட்டு இல்லை அக்கா. உங்களிடம் இருப்பது யாரோ பன்னிரண்டு பேர். நல்ல கொடி எது என்று திருப்பிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாலும், மற்றச் செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது, இந்தப் பருவத்துக்குள் வெட்டி அனுப்ப முடியாது. போன வருஷம் அத்தான் மண்ணுக்குள் கையை விட்டதும் கிழங்கு கூழாகக் கரைந்து வந்ததும், அவர் மோட்டார் தொட்டியில் கையைக் கழுவிக் கழுவி நின்றதும் எனக்கு மறக்கவில்லை. இந்தத் தடவையும் அழுகினால் நிலத்தை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னதை நீதான் சொன்னாய். பக்கத்துக் காட்டுக்காரர் கொடி தருகிறேன் என்றபோதுகூட "எம் மச்சான் பாத்து அனுப்புவான்"னு திருப்பி அனுப்பினாராமே. நான் வேலையில்லாமல் திரிந்த காலத்தில் என்னை ஆளாக மதித்த ஒரே மனுஷர் அவர். அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொடியை எரித்துவிட்டு அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரிடமே கேட்டு வாங்கி நடச் சொல். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும். அத்தானுக்கு என் வணக்கத்தை, ஏன் என்று அவர் கேட்காத மாதிரி ஒரு நேரம் பார்த்துச் சொல்லிவிடு.

எதற்கும் உதவாத உன் தம்பி.

பின்குறிப்பு (உறையின் மேல்):

அக்கா, உள்ளே இருப்பது எல்லாம் தப்பு. எதையும் எரிக்காதே! ஆய்வகத்தில் எனக்கு உதவியாக ஓர் அம்மா இருக்கிறார், கையுறையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை, நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். கடிதத்தை வண்டியில் கொடுத்துவிட்டு வந்து அவரிடம் அழுதேன். "போட்டோவுக்குத்தானே சார் அப்படி வெச்சீங்க? நீங்க டீ குடிக்கப் போனதும் நான் சரியாத் திருப்பி வெச்சுத்தான் மூடினேன். கடைசிக் குழில மட்டும் இலைச்சாறு இல்லாம வெறும் தண்ணிதான் விட்டிருந்தோம், அது இருட்டா இருந்துச்சா இல்லையா? தட்டு மாறியிருந்தா முதல் குழிதானே இருட்டா இருந்திருக்கும்?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசிக் குழிதான் இருட்டு. "நீங்க எப்பவுமே அப்படித்தான் சார் வெப்பீங்க, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார். கடிதத்தைத் திருப்பிக் கேட்டால் வண்டிக்காரர் "ஒரு கவர்னு நோட்டுல எழுதிட்டேன், ஒரு கவர் போய்ச் சேரணும், வேணும்னா மேல எழுதிக்குங்க" என்று இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

அத்தான், வண்டி வந்தால் முதலில் போய் நிற்பது நீங்கள்தான், அதனால் இதை நீங்கள்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். கொடி நல்ல கொடி. தைரியமாக நடுங்கள். உள்ளே இருப்பது அக்காவுக்கு, அதைப் பிரிக்க வேண்டாம். பிரிக்கவில்லை என்றால் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை நடவுக்கு நானும் வருகிறேன். பிரித்துவிட்டிருந்தாலும் பிரிக்கவில்லை என்றே சொல்லுங்கள்.