நாற்பத்தெட்டு வோல்ட்டும் ஒரு வார லீவும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தது மனிதகுலத்தின் முதல் பாய்ச்சல் என்றால், வீடுபோல் வசிக்கும் வேனுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதாது, நாற்பத்தெட்டு வேண்டும் என்று தீர்மானித்தது இரண்டாவது பாய்ச்சல். அது வீட்டு வாசலில், கெட்டிலில் தண்ணீர் கொதிக்காததால் நிகழ்ந்தது.

வேனுக்குள் முட்டி போட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தவர் விரலை உதறிக்கொண்டார். மைத்துனன் அவருக்கு வைத்த பெயர் வோல்டேஜ். பெரிய கட்டடங்களுக்கு மின்சார வரைபடம் போடுவது அவருடைய தொழில். அவர் போட்ட வரைபடத்தில் இதுவரை ஒரு கோடு கோணியதில்லை.

"கம்பி கொதிக்குது. தண்ணி கொதிக்கல," என்றார்.

"அப்ப கெட்டில் வேண்டாங்க. கேஸ் அடுப்பு ஒண்ணு வச்சுக்கலாம்," என்றாள் மனைவி.

அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பல வருஷங்களாகக் கேட்டுக் கேட்டு, அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு வாங்கியிருந்தாள். மலைமேல் ஒரு ஏரி இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் காட்டுவதாகச் சொன்ன ஏரி. இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஏரி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"வோல்ட்டை நாலு மடங்கு ஏத்திட்டா கரண்ட் கால்வாசியாயிடும். கம்பி மெலிஞ்சிடும், சூடு இருக்காது."

"கம்பி மெலியட்டும். நாம லீவு ஆரம்பிச்சதும் கிளம்பிடுவோமில்ல?"

"அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்."

லித்தியம் பேட்டரி வந்து இறங்கியது. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். கட்டிலில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

"நான் எங்க படுக்கறது?"

"அதுக்கு மேல பலகை போட்டுடலாம். ரொம்பக் குளிர்ந்தா லித்தியத்துல சார்ஜ் ஏத்தக் கூடாது. நீ மேல படுத்தா அதுக்குக் கதகதப்பா இருக்கும்."

மனைவி பேட்டரியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பேட்டரிமேலா தன்மேலா, எதில் அவருக்கு அக்கறை அதிகம் என்று அவள் கேட்கவில்லை.

பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல் தெரிந்தது. வேனிலிருந்த விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டில் பழகியவை. அவற்றுக்காக வோல்ட்டை இறக்க ஒரு கருவி வாங்கினார். வேனின் எஞ்சினும் பன்னிரண்டு வோல்ட்தான் தரும். அதை நாற்பத்தெட்டாக ஏற்றிப் பேட்டரிக்கு அனுப்ப இன்னொரு கருவி வாங்கினார்.

"ஏத்தறதுக்கு ஒண்ணு, இறக்கறதுக்கு ஒண்ணா? பேசாம இருந்த இடத்துலயே இருந்திருக்கலாமே," என்றாள்.

"அப்படியெல்லாம் நினைச்சிருந்தா கட்டடத்துக்கு லிஃப்டே வந்திருக்காது."

இரண்டு கருவிகளும் ஒரே அலமாரிக்குள் உட்கார்ந்து ஒன்றையொன்று சூடேற்றின. காற்றாடி வைத்தார். காற்றாடிக்கு ஓட்டை போட்டார். ஓட்டை வழியாக மழை வந்தது. மழைக்கு மூடி போட்டார். மூடியால் காற்று நின்றது. கடைசியில் அலமாரியையே இடம் மாற்றினார். துணிப் பைக்கு வைத்திருந்த இடம் போயிற்று.

ஒரு வழியாக ஸ்விட்சைப் போட்டபோது எதுவும் எரியவில்லை. பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் உண்டு. சார்ஜர் வந்து எழுப்பினால்தான் அது கண் திறக்கும். சார்ஜரோ, பேட்டரி உயிரோடிருப்பது தெரிந்தால்தான் வேலையைத் தொடங்கும். யார் முதலில் பேசுவது என்று சம்பந்திகள் இருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது நிலைமை. நடுவில் தூது போக மூன்றாவதாக ஒரு கருவியைச் செய்வதற்குள் லீவு ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். விளக்குகள் எரிந்தபோது அது பார்க்க வேண்டிய காட்சிதான். ஒவ்வொரு கம்பியும் வகிடு எடுத்த தலைமாதிரி நேராகப் போயிற்று. எந்த ஃபியூஸ் எதற்கு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கெட்டில் கொதித்தது, ஏசி ஓடியது, கம்பி பச்சைத் தண்ணீர்போல் சூடில்லாமல் இருந்தது. இன்ஷூரன்ஸ் விற்கும் மைத்துனன் கேலி செய்யவே கிளம்பி வந்தவன், ஒவ்வொரு ஃபியூஸாகத் தொட்டுப் பார்த்தான்.

"அத்தான், எங்க வீட்டை இடிச்சிட்டு இதுமாதிரி கட்டித் தாங்களேன்."

"அக்காகிட்ட சொல்லு, இப்பவே கிளம்ப முடியாதுன்னு. முழு லோடும் போட்டு உள்ளேயே வாழ்ந்து பாக்கணும். மலைப்பாதைல நின்னுட்டா யாரைக் கூப்பிடறது?"

சோதனை என்றால் அவருக்கு அரைகுறை கிடையாது. ஆளில்லாத மலையில் நிற்பதாகவே வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற வேனிலேயே சமையல், குளியல், தூக்கம். வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. வீட்டோடு பேச்சு செல்ஃபோனில் மட்டும்.

"சாப்டீங்களா?" என்றாள் மனைவி, ஃபோனில்.

"முட்டை அவிச்சேன். பேட்டரி ஒரு சதவீதம்தான் இறங்குச்சு."

"இங்க சாயங்காலக் காத்து எவ்வளவு நல்லாயிருக்கு தெரியுமா."

"இங்கயும் நல்ல காத்துதான். அந்த அலமாரி ஃபேன் சத்தமே இல்லாம ஓடுது."

"உங்களுக்கு ஒண்ணும் குறையில்லையே?"

"ஒரு குறையும் இல்ல. நீ வந்து பாத்தா அசந்துடுவே."

அவள் சிரித்தாள். இத்தனை நாள் தள்ளிப்போட்டும் முகம் சுளிக்காமல் பேசுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படி ஒருத்திக்காகத்தானே இவ்வளவும் என்று, அன்று தண்ணீர் பம்புக்கு இரண்டாவது ஃபியூஸ் ஒன்றும் போட்டார்.

சோதனை முடிந்தது. ஒரு இடத்திலும் ஒரு குறை இல்லை. லீவில் கடைசி இரண்டு நாள் மிச்சம் இருந்தது; ஏரிக்குப் போய்த் திரும்ப அது தாராளம். அவர் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, எஞ்சினைக் கிளப்பி, உள்ளே இருந்த அத்தனை விளக்கையும் போட்டு, ஹாரன் அடித்தார்.

மகள் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிரஷ்ஷை வெளியே எடுத்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குப்பா. நெஜமாவே."

"அம்மாவை வரச் சொல்லு. பையைத் தூக்க வேண்டாம், நான் வந்து எடுத்துக்கறேன்."

"அம்மா ஏரிக்குப் போயிருக்காங்களே. லேப்ல கூட வேலை பாக்கற ஆன்ட்டியோட, பஸ்ல. நாளைக்குத் திரும்பி வர்றாங்க."

வோல்டேஜ் எஞ்சினை அணைத்தார். விளக்குகள் கொஞ்சமும் மங்காமல் எரிந்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"இந்தக் கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுத்தான்பா போனாங்க. நீங்க மீட்டரைப் பாத்துக்கிட்டே, 'நல்லதுதான், லோடு குறையும்'னீங்க."