குணமணிக்கு வந்த தையல் மெசின்

மடுல்சீமை,
1954 மாசி.

மதிப்புக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் தர்மராசா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அக்காவும் நீங்களும் சுகமாயிருக்கக் கதிர்காமக் கந்தன் துணை.

மருந்து கலக்கும் பயிற்சிக்கு ஆள் எடுக்க நேற்றுப் பதுளையில் நடந்த நேர்முகப் பரீட்சைக்கு எங்கள் பிள்ளை போய்வந்தது உறுதி. கூடப் போன தோட்டத்து டிஸ்பென்சர் கனகசபை சொன்ன செய்தி இது. போனது மகன் இராசையா அல்ல, மகள் குணமணி. ஆத்திரப்படாமல் மேலே வாசியுங்கள்.

"ஆம்பிளைப் பிள்ளைக்கு மருந்து, பொம்பிளைப் பிள்ளைக்குத் தையல்" என்று நீங்கள் எழுதியதை அப்படியே நிறைவேற்றினேன். குணமணிக்கென்று நீங்கள் அனுப்பிய மெசின் பதுளை வரை ரயிலிலும், பிறகு பஸ்ஸிலும், ரோட்டு முடிந்த இடத்திலிருந்து ஆள் தோளிலும் வந்து சேர்ந்தது. இராசையாவைக் கனகசபையிடம் பழக விட்டேன். முதல் நாளே, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெரியாயிக்குக் காலில் கட்டி கீறும்போது, கத்தி வைத்த தட்டத்தைப் பிடித்து நின்றவன் மயங்கிச் சாய்ந்துவிட்டான். பெரியாயி படுத்திருந்த மரவாங்கிலிருந்து தானே இறங்கி, "நா கீழ உக்காந்துக்கிறேங்க, சின்னையாவப் படுக்க வைங்க. எனக்குக் கால்ல மட்டுந்தானே" என்றாளாம். தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோன குணமணி தட்டத்தை எடுத்துப் பிடித்து, கட்டும் கட்டிவிட்டு வந்தாள். ஆம்பிளைப் பிள்ளைதானே, பழகிவிடும் என்று மறுநாளும் அனுப்பினேன், மறுநாளும் விழுந்தான். அதன் பிறகு சாப்பாடு கொண்டுபோனவள் அங்கேயே நின்றுவிட, விழுந்தவன் வீட்டில் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட, கந்தோர் வேலை முடிந்து திரும்பும் எனக்கு இருவரும் வேலையாயிருக்கிறார்கள் என்பது மட்டுமே தெரிந்தது, யார் எந்த வேலையில் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. அளவுக்குப் பழைய சட்டை கொடுத்துத் தைத்துக்கொண்ட பெரியாயி, "கை இறுக்காம கொழுந்து எடுக்க முடியுதுங்க ஐயா" என்று சொன்னபோது, மகளின் கைவேலைதான் என்று மகிழ்ந்து உள்ளே குரல் கொடுத்தேன். ஊசியும் நூலுமாக வெளியே வந்தவன் இராசையா.

அதனால் கனகசபை பதுளைக்கும் அவளையே கூட்டிப்போனார். அங்கே பரீட்சை நடத்திய ஒரு பெரியவர், "தோட்டத்திலை தனிய லயத்து வீடுகளுக்குப் போய் மருந்து குடுப்பீரோ?" என்று கேட்டாராம். "தம்பி துணைக்கு வருவான் ஐயா. இரத்தம் எண்டால் வெளியிலை நிப்பான்" என்றாளாம் குணமணி. அவர் சிரித்தாரே தவிர முடிவு சொல்லவில்லை. பெண்ணுக்கு இடம் கொடுப்பதா என்று கொழும்பில்தான் தீர்மானிப்பார்களாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டேன். சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள்.

அத்தான், நீங்கள் மெசின் அனுப்பியிராவிட்டால் இவன் இன்றும் தினம் ஒருமுறை விழுந்துகொண்டிருப்பான்; அவளுக்கும் அந்தத் தட்டம் கைக்கு வந்திராது. இரண்டுக்கும் உங்களுக்கே நன்றி.

கொழும்பு முடிவு பங்குனிக் கடைசிக்குள் வரும் என்கிறார் கனகசபை. வந்ததும் தந்தி அடிப்பேன். அதுவரை அவள் பெயரில் நல்லூர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்வியுங்கள்.

அன்புடன்,
தர்மராசா

பி.கு.: கலியாணத் தரகர் விசாரித்தால், தம்பி மருந்து பழகுகிறான், அக்கா தைக்கிறாள் என்றே சொல்லிவையுங்கள். இதைப் பின்னால் நின்று வாசித்த குணமணி சொல்கிறாள்: "தையல் தெரிஞ்ச பொம்பிளைதான் வேணுமெண்டு வந்தினமெண்டால், அப்பா, தம்பியைத்தான் குடுக்கோணும்."