பரமபத வாசலில் சகலை மாத்திரை

நோயைவிட அதற்கான மருந்தைக் கண்டு அதிகம் பயப்படுகிறவன் நான். ஊசி என்று யாராவது சொன்னாலே உட்கார இடம் தேடுவேன்.

மூன்று வருடங்களுக்கு முன், "சர்க்கரைக்குப் பழைய மாத்திரை மட்டும் போதாது சார், இன்னொண்ணு சேர்க்கணும்" என்றார் திருச்சி டாக்டர். இரண்டைச் சொன்னார். ஒன்று, சர்க்கரையை வேகமாக இறக்கும். சாப்பிடாமல் இருந்தால் ஆபத்து. மற்றொன்று, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அடுத்த வாரம் முடிவு பண்ணலாம்."

எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா? நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டேன். இரண்டு பக்கமும் பயம்தான் நிரம்பியது. கடைசியில், முதல் மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடும் என் சகலையிடம் (மனைவியின் அக்கா கணவர்) ஒன்று வாங்கி, நானே சோதித்துவிடத் துணிந்தேன். (படித்தவன் புத்தி!)

காலை ஏழு மணிக்கு விழுங்கினேன். அன்று வைகுண்ட ஏகாதசி; ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் வெறும் தண்ணீர்தான். விரதம் வேறு, சாப்பிடாமல் இருப்பது வேறு என்று என் மூளை எப்படியோ தீர்மானித்திருந்தது.

பத்து மணிக்குப் பரமபத வாசல் வரிசையில் கை நடுங்க ஆரம்பித்தது. வேட்டி நனைய வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. செத்துவிடப் போகிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். மகளின் கல்யாணம்கூட இன்னும் ஆகவில்லை. நான்கு பேருக்கு முன்னால் நின்ற மனைவி ஜானகியைக் கூப்பிட நாக்கு எழவில்லை. கண்ணீர் வழிந்தது.

பின்னால் நின்ற மாமி உருகிப்போனாள். "பாருங்கோ, பெருமாளை நினைச்சாலே உடம்பு ஆடறது! என்ன பக்தி!"

சுற்றியிருந்தவர்கள் கைகூப்பினார்கள். ஒருவர் என் காலில் விழுந்தார். உதவிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

சத்தம் கேட்டு ஜானகி திரும்பினாள். பக்தி என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. (இருபத்தைந்து வருடமாக என்னைத் தெரியுமே.)

"ஏன்னா, எதை முழுங்கித் தொலைச்சேள்?"

"உன் அத்திம்பேர்... மாத்திரை."

அர்ச்சனைத் தட்டிலிருந்த கல்கண்டை அள்ளி என் வாயில் போட்டாள். "மெல்லுங்கோ!"

"ஏகாதசி..."

"நீங்க இருந்தாத்தான் எனக்குத் துவாதசி! மெல்லுங்கோ!"

கால் மணி நேரத்தில் உயிர் வந்தது. டாக்டர் திட்டிய திட்டு தனிக்கதை. எனக்கு எழுதிக் கொடுத்தது அந்த இன்னொரு மாத்திரையை.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் என் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் எங்க மாப்பிள்ளை. ஏகாதசியன்னிக்குப் பரமபத வாசல் வரைக்கும் போயிட்டு, கல்கண்டுக்காகத் திரும்பி வந்தவர்."