தேடினால் வராத மெத்தைக் கடை

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அஜய்குமார் அவர்களுக்கு மாமா குருசாமி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அத்தை சாராளும் இங்கு சுகம். நீங்களும் எங்கள் மகள் பிரின்சியும் அங்கு சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஆரம்பித்ததுமே "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி பிரின்சியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் "சரி மாமா" சொல்ல முடியாது.

விஷயம் நம் இலவம்பஞ்சு மெத்தைக் கடையின் வெப்சைட் பற்றியது. உங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து நீங்கள் வீட்டிலிருக்கும் இந்த நாட்களில், யாரும் கேட்காமல் நீங்களே உட்கார்ந்து செய்து கொடுத்தது. அதைப் பார்த்த அன்று நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பஜார் முழுக்கச் சொன்னேன். சபையிலும் எழுதிக் கொடுத்தேன். பாஸ்டர் ஐயா ஞாயிறு ஆராதனையில், பெண்கள் ஐக்கியக் கூட்ட அறிவிப்புக்கும் ஒரு ஞானஸ்நான அறிவிப்புக்கும் நடுவில் நம் வெப்சைட்டை வாசித்தார். ஒருவர் "ஆமென்" என்றார்.

போன வாரம் எதிர்த்த பாத்திரக்கடை பாண்டீஸ்வரன் நம்ம கடையில் உட்கார்ந்துகொண்டு, கடைப் பேரைத் தன் போனில் அடிச்சுத் தேடினார். நம்ம கடை வரலை. வேற ஏதோ ஊர்க் கல்யாண மண்டபம் வந்துச்சு, அதுக்குக் கீழே ஒரு குருசாமியோட கண்ணீர் அஞ்சலி வந்துச்சு. "அண்ணே, நீங்க காலமாகி மூணு வருசமாச்சாம்ல"ன்னு சிரிச்சார். அதோட விட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். "ஆமா, மாப்பிள்ளை நெசமாவே செஞ்சாகளா, இல்ல செஞ்சேன்னு சொன்னாகளா?"ன்னு கேட்டுட்டார். முழு அட்ரஸையும் ஒரு புள்ளி விடாம அடிச்சுக் காட்டினேன். கடை வந்துச்சு, தலையணை வந்துச்சு, அத்தை முகம் பாதி தெரியுற போட்டோவும் வந்துச்சு. "அட்ரஸ் தெரிஞ்சவன் எதுக்குண்ணே தேடப் போறான்?"ன்னார். கடையைச் சாத்தணும், எந்திரிங்கன்னு சொல்லிட்டேன். அப்ப மணி காலை பதினொன்னு.

நேரா ஜெராக்ஸ் கடை யுவராணிகிட்ட போனேன். கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை. ஒரு வெப்சைட் தேடுறதுல வருமா வராதான்னு பார்க்க வழி இருக்குன்னு சொல்லுச்சு. சைட்டுன்னு இங்கிலீஷ்ல அடிச்சு, மேலும் கீழுமா ரெண்டு புள்ளி வச்சு, இடம் விடாம நம்ம அட்ரஸை அடிக்கணுமாம். வீட்டுக்கு வந்து நானே செஞ்சேன். புள்ளியை மறந்துட்டேன், சைட்டைத் தமிழ்ல அடிச்சுட்டேன். தேனி, சின்னமனூர், கம்பம்னு எங்கெல்லாம் வீட்டடி மனை விக்கிதோ அம்புட்டும் வந்து நின்னுச்சு. எதையோ தொட்டுட்டேன் போல. அன்னையிலருந்து ஒரு தம்பி தினம் போன் போட்டு, "சார், சைட் பார்க்க எப்ப வர்றீக, கார் அனுப்பவா?"ங்கிறார். உங்க அத்தை ஒருநாள் போனை எடுத்து, "எங்க சைட்டையே காணோம்னு தேடிக்கிட்டிருக்கோம் தம்பி"ன்னு சொல்ல, அவர் பயந்துபோய், "ஆக்கிரமிப்பாம்மா?"ன்னு கேட்டிருக்கார்.

மறுபடி யுவராணியே அடிச்சுப் பார்த்துச்சு. ஒண்ணுமே இல்லைன்னு வந்துச்சு. "பெரியப்பா, இது இண்டெக்ஸ்லயே ஏறல. சைட் இருக்கு, ஆனா தேடுற இடத்துக்கு அது இருக்கிறதே தெரியாது"ன்னு சொல்லுச்சு.

மாப்பிள்ளை, இதை உங்ககிட்ட சொல்லவா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். நீங்க ரூமைவிட்டு வெளியே வர்றதில்லை, சரியாச் சாப்பிடுறதில்லைன்னு பிரின்சி அவ அம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கா. இந்த வெப்சைட் செஞ்ச பத்து நாளும்தான் நீங்க பழையபடி இருந்தீகளாம். அதிலயும் குறைன்னு நான் எழுதினா உங்களுக்கு எப்படியிருக்கும்? ஆனா பாண்டீஸ்வரன் கேட்ட கேள்வி பஜாருக்குள்ள சுத்துது. அது உங்க காதுக்கு வேற யார் மூலமாவும் வரக்கூடாது. எங்கயோ ஒரு சின்னத் தவறு நடந்திருக்கும். யாருக்கும் நடக்கும். முடிஞ்சா பாருங்க. முடியலைன்னா விடுங்க, நாப்பது வருசமா கடையைத் தேடாமலே ஆளு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. வேலை போனதும் அப்படித்தான், அது உங்க தப்பில்ல. இதையும் போன்ல சொல்ல வரலை, அதான் எழுதுறேன்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. பிரின்சிக்கு எங்கள் முத்தங்கள். அத்தை ஒரு ஜோடி தலையணை பார்சலில் அனுப்பியிருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
ச. குருசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் யுவராணியிடம் போனேன். தலையணை போட்டோ மாற்ற நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு அது உள்ளே போய்ப் பார்த்தது. அங்கே 'டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேடுகிறவர்களை இங்கே வராதீர்கள் என்று துரத்துகிற கட்டமாம். அதில் டிக் போட்டது நான்தான். முதல் வாரமே போட்டேன். 'கரேஜ்' என்பது மட்டும் கண்ணில் பட்டது. தைரியம் கொடுப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். யுவராணி டிக்கை எடுத்துவிட்டது. இண்டெக்ஸில் ஏறுவதற்குச் சில நாள் ஆகலாமாம். ஆகவே மேலே தவறு என்று வருகிற இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டு வாசிக்கவும். பிரின்சியிடம் சொல்லிவிட வேண்டாம், அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இல்லை மாப்பிள்ளை, சொல்லிவிடுங்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரியுங்கள்.